கட்டி ஒரு கேள்வி, குடும்பம் இன்னொரு கேள்வி

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

“எனக்கு 31 வயது. மூன்று வயதில் ஒரு மகன். அவனுக்குப் பால் மறக்கடித்து ஒன்றரை வருடம் ஆகிறது. போன மாதம் குளிக்கும்போது இடது மார்பின் மேல்பக்கம், அக்குளை ஒட்டி, உருண்டையாக ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லை. மாமியார் ‘பால் கட்டுதான், மல்லிகைப் பூ வைத்துக் கட்டு’ என்றார். கட்டினேன், கரையவில்லை. ஸ்கேன் எடுத்ததில் 18 மி.மீ. கட்டி, ஃபைப்ரோஅடினோமாவாக இருக்கலாம், பைராட்ஸ் 3 என்று வந்தது. ஒரு டாக்டர் ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். இன்னொருவர் ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம் என்கிறார். என் அத்தைக்கு, அப்பாவின் ஒரே தங்கை, 38 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து இப்போது 52 வயதில் நன்றாக இருக்கிறார். அப்பாவின் அம்மா 50 வயதுக்கு முன்பே வயிற்றில் கட்டி வந்து, நீர் கோத்து இறந்துபோனார். ‘அப்பா வழி நோய் பெண்ணுக்கு வராது’ என்று வீட்டில் சொல்கிறார்கள். ஊசி போட்டால் பரவிவிடும் என்றும் சொல்கிறார்கள். நான் தினமும் பத்து தடவை தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். 24 வயதுத் தங்கைக்கு அத்தை மகனையே பேசி வைத்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் இதைக் கிளப்பவும் பயமாக இருக்கிறது. ஒரு ஹாலிவுட் நடிகை செய்ததுபோல இரண்டு மார்பையும் எடுத்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா? கணவரிடம் ‘ஒரு சின்ன வீக்கம்’ என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.”

அன்புள்ள சகோதரிக்கு,

பயப்படாதீர்கள் என்று தொடங்குவதுதான் வழக்கம். யாராவது அப்படிச் சொன்னால் போய்விடுகிற பயமாக இருந்தால் நீங்கள் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டீர்கள். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மனதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. இந்தக் கட்டி என்ன என்பது ஒன்று. அத்தைக்கு வந்தது எனக்கும் வருமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு இரண்டு வாரத்தில் பதில் கிடைத்துவிடும். இரண்டாவதற்குச் சில மாதங்கள் ஆகும், அதில் அவசரமும் இல்லை. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொண்டால் முதலாவதைத் தள்ளிப்போடுவோம், இரண்டாவதில் அவசர முடிவு எடுப்போம். நீங்கள் இப்போது அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள். ஒரு ஊசிக்குத் தயங்குகிறீர்கள். மார்பையே எடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

கட்டியை முதலில் பார்ப்போம். உங்களை நேரில் பரிசோதிக்காமல், நீங்கள் எழுதியதையும் ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருப்பதையும் வைத்துத்தான் சொல்கிறேன். முப்பதை ஒட்டிய வயதில், வழுவழுப்பாக, வலியில்லாமல், விரலுக்கு அகப்படாமல் நழுவுகிற கட்டி என்றால் அது ஃபைப்ரோஅடினோமாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பால் சுரப்பித் திசுவும் அதைச் சுற்றியுள்ள நார்த்திசுவும் சேர்ந்து வளர்ந்த சாதாரணக் கட்டி அது. 15 முதல் 35 வயதுக்குள் ரொம்ப சகஜம். அது புற்றுநோயாக மாறுவது மிக அரிது. மாதவிடாய் நிற்கும் வயதில் தானாகவே சுருங்கிப்போவதும் உண்டு.

வலி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். “வலியே இல்லை டாக்டர், அதனாலதான் விட்டுட்டேன்” என்று சொல்லிக்கொண்டு முற்றிய கட்டியோடு வருகிறவர்களை மார்பக சிகிச்சை செய்யும் எந்த டாக்டரும் வாராவாரம் பார்க்கிறார். மார்பு வலி பெரும்பாலும் மாதவிடாய்ச் சுழற்சியோடு வந்து போவது. புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது.

மல்லிகைப் பூ விஷயத்தில் உங்கள் மாமியாரைக் குறை சொல்லமாட்டேன். பால் வற்றுவதற்காக மார்பில் மல்லிகை கட்டுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். அதைப் பற்றி 1988-ல் மருத்துவ ஆய்வே வெளியாகியிருக்கிறது. ஆனால் பால் மறக்கடித்து ஒன்றரை வருடம் ஆன பிறகு புதிதாக வருகிற கட்டியைப் பால் கட்டு என்று எழுதிவிட முடியாது. பால் கொடுத்துக்கொண்டிருக்கிற அம்மாவுக்கே கட்டி இரண்டு வாரத்துக்குமேல் கரையாமல் இருந்தால் ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது பைராட்ஸ் 3. ஸ்கேன் பார்க்கும் டாக்டர்கள் எல்லோரும் ஒரே கணக்கில் பேசுவதற்காக வைத்திருக்கும் வரிசை எண் இது. 0 முதல் 6 வரை போகும். 1, 2 என்றால் கவலை வேண்டாம். 4, 5 என்றால் திசு எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். நடுவில் இருக்கும் 3-க்குப் பொருள், இது சாதாரணக் கட்டியாகவே இருக்கும், புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது. அதனால் ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன், அப்புறம் ஒரு வருடத்தில், இரண்டு வருடத்தில் என்று பார்த்துக்கொண்டு போவது வழக்கம். உங்கள் முதல் டாக்டர் சொன்னது நடைமுறைப்படி சரி.

ஆனால் அவரிடம் அத்தை விஷயத்தைச் சொன்னீர்களா? கடிதத்தில் அது இல்லை. “வீட்டில் யாருக்காவது கேன்சர் உண்டா?” என்று கேட்டிருப்பார். நீங்கள் அம்மா வழியை மட்டும் நினைத்துக்கொண்டு “இல்லை” என்று சொல்லியிருப்பீர்கள் என்பது என் ஊகம். சொல்லியிருந்தால் கணக்கு மாறியிருக்கும். பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணுவில் கோளாறு உள்ள பெண்களுக்கு இளம் வயதில் வரும் புற்றுநோய்க் கட்டி, சில சமயம் ஸ்கேனில் உருண்டையாக, ஓரம் வழுவழுப்பாகத் தெரியும். அனுபவமுள்ள கண்ணுக்கே ஃபைப்ரோஅடினோமா என்று தோன்றும். உங்கள் குடும்பத்தில் அந்தக் கோளாறு இருக்கிறதா என்று இன்னும் தெரியாது. தெரியாதவரை, படத்தை மட்டும் நம்பி ஆறு மாதம் காத்திருக்க நான் சொல்லமாட்டேன். இப்போதே ஒரு ட்ரூகட் பயாப்சி, அதாவது ஊசி வழியாகக் கட்டியிலிருந்து கொஞ்சம் திசு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை, எடுத்துவிடுங்கள். இரண்டு கேள்விகளையும் கலக்காதீர்கள் என்று சொன்னேன். குடும்ப விஷயம் கட்டியைத் தொடுகிற ஒரே இடம் இதுதான்.

எடுத்துப் போட்டுவிடலாம் என்று இரண்டாவது டாக்டர் சொன்னதும் இப்போதைக்கு வேண்டாம். என்ன கட்டி என்று தெரியாமலே கத்தி வைத்து, கடைசியில் அது புற்றுநோய் என்று தெரியவந்தால், சுற்றுத் திசுவைப் போதுமான அளவு சேர்த்து எடுக்காத அரைகுறை ஆபரேஷனாக அது முடியும். மறுபடி ஒரு ஆபரேஷன் தேவைப்படும். முதலில் ஊசி, தேவைப்பட்டால் அப்புறம் கத்தி.

மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கவில்லையே என்று குறைப்பட வேண்டாம். இளம் வயதில் மார்புத் திசு அடர்த்தியாக இருக்கும். மாமோகிராமில் அதுவும் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத் தெரியும். அதனால்தான் 40 வயதுக்குக் கீழே பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தொடங்குகிறார்கள். ஊசி ரிப்போர்ட்டைப் பொறுத்துத் தேவைப்பட்டால் மாமோகிராம் எடுக்கச் சொல்வார்கள்.

ட்ரூகட் என்றால் என்ன நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன்; தெரியாததுதான் பாதி பயம். படுக்க வைத்து, ஸ்கேன் கருவியை மார்பில் வைத்துக் கட்டியைத் திரையில் பார்த்துக்கொண்டே செய்வார்கள். மரத்துப்போக ஒரு சின்ன ஊசி. சுருக்கென்று வலிப்பது அது ஒன்றுதான். பிறகு தோலில் 2, 3 மி.மீ. அளவுக்கு ஒரு கீறல், அதன் வழியாகச் சற்றுப் பெரிய ஊசி. அதன் ஸ்பிரிங் விடுபடும்போது ‘டப்’ என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் பலரும் திடுக்கிடுவார்கள். அதனால் நல்ல டாக்டர் முதலில் வெளியே ஒரு தடவை அடித்துக் காட்டிவிடுவார். ஒவ்வொரு முறையும் சேமியாத் துண்டுபோல ஒரு இழை திசு வரும். நான்கைந்து எடுத்து ஃபார்மலின் பாட்டிலில் போடுவார்கள். தையல் இல்லை, ஒரு பிளாஸ்திரி, பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தல், அவ்வளவுதான். அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். இரண்டு மூன்று நாள் அந்த இடம் கன்றி நீலமாக இருக்கும். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மாத்திரை சாப்பிட்டால் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

சில இடங்களில் மெல்லிய ஊசியில் உறிஞ்சி எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. செய்யலாம் என்பார்கள். செலவு குறைவு, ரிப்போர்ட் சீக்கிரம் வரும். ஆனால் அதில் உதிரியான செல்கள்தான் கிடைக்கும். திசுவின் அமைப்பு தெரியாது. உங்கள் குடும்பப் பின்னணிக்கு ட்ரூகட்டையே கேட்டு வாங்குங்கள். திண்டுக்கல்லிலோ மதுரையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பம் என்றால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்; பின்னால் சிகிச்சை எதுவும் தேவைப்பட்டால் அது உதவும்.

ஊசி போட்டால் பரவும் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? கட்டி புண்ணாகி, அக்குளில் நெறி கட்டிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு ஊசி போட்டிருப்பார்கள். நோய் ஏற்கெனவே பரவியிருந்ததால் சில மாதங்களில் இறந்துபோயிருப்பார்கள். ஊரார் கண்ணில் பட்டது ஊசிதான். அதற்கு முன்னால் அந்தப் பெண் கட்டியை மறைத்து வைத்திருந்த ஒரு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. ட்ரூகட் ஊசி நோயைப் பரப்புவதில்லை. உலகம் முழுக்க மார்பகக் கட்டிக்கு இதுதான் நிலையான பரிசோதனை.

ரிப்போர்ட்டில் ஃபைப்ரோஅடினோமா என்று வந்து, டாக்டரின் கைப் பரிசோதனையும் ஸ்கேனும் அதோடு ஒத்துப்போனால், கட்டி இருந்துவிட்டுப் போகட்டும். வேகமாக வளர்ந்தாலோ, 3 செ.மீ.க்குமேல் போனாலோ, உறுத்தலாக இருந்தாலோ எடுத்துக்கொள்ளலாம். மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் நல்ல ரிப்போர்ட்டாக இருந்தாலும் திருப்திப்படக் கூடாது. மறுபடி திசு எடுக்கச் சொல்ல வேண்டும். ஒருவேளை புற்றுநோய் என்றே வந்தாலும், 2 செ.மீ.க்குள் இருக்கும்போதே, அக்குளுக்குப் போகாமல் கண்டுபிடித்தால் அது முதல் நிலை. அந்த நிலையில் சிகிச்சை பெறும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் குணமாகி வாழ்கிறார்கள். 38 வயதில் நோய் வந்த உங்கள் அத்தை 14 வருடம் கழித்துத் தன் மகனுக்குப் பெண் பேசிக்கொண்டிருக்கிறார் பாருங்கள்.

அப்புறம், தினமும் பத்து தடவை தொட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். அமுக்கி அமுக்கி அந்த இடமே புண்ணாகி வலிக்கும், அந்த வலியைப் பார்த்து இன்னும் பயப்படுவீர்கள். சீனாவில் ஷாங்காய் நகரத் துணி ஆலைகளில் 2.6 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குச் சுயபரிசோதனை முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள். அதனால் இறப்பு குறையவில்லை. தேவையில்லாத பயாப்சிகள்தான் கூடின. 2002-ல் வெளியான முடிவு இது. இதற்கு மாறாக, மும்பையில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடம் நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையால் பரிசோதித்தார்கள். நோயைச் சீக்கிரமே பிடிக்க முடிந்தது; 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இறப்பும் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. உங்கள் மார்பு இயல்பாக எப்படி இருக்கும் என்று தெரிந்து வைத்திருங்கள். பார்ப்பதானால் மாதவிடாய் முடிந்த பின் ஒரு தடவை பார்த்தால் போதும். தோல் குழிவது, காம்பு புதிதாக உள்ளிழுப்பது, காம்பிலிருந்து ரத்தம் கசிவது, அக்குளில் கட்டி என்று எதையாவது கண்டால் மட்டும் நாள் பார்க்காமல் கிளம்புங்கள்.

இனி இரண்டாவது கேள்வி.

அப்பா வழி நோய் பெண்ணுக்கு வராது என்பது சுத்தத் தவறு. பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணு 17-வது குரோமோசோமில் இருக்கிறது. பி.ஆர்.சி.ஏ.2 என்பது 13-வதில். இரண்டுமே ஆண், பெண் எல்லோருக்கும் உண்டு. செல்லில் மரபுப்பொருள் பழுதாகும்போது சரிசெய்வது இவற்றின் வேலை. இவற்றில் கோளாறு உள்ளவர் அப்பாவோ அம்மாவோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது போய்ச்சேர இரண்டில் ஒரு வாய்ப்பு. அப்பாவுக்கு அது இருந்தாலும் பெரும்பாலும் நோய் வராது. அதனால் ஆண்கள் அதிகமுள்ள குடும்பத்தில் ஒரு தலைமுறை முழுக்க அது வெளியே தெரியாமலே கடந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு ஒரே ஒரு தங்கை. அந்த ஒருவருக்கு வந்திருக்கிறது. ஐந்து தங்கைகளில் ஒருவருக்கு வந்தது வேறு, இருந்த ஒருவருக்கே வந்தது வேறு.

மார்பகப் புற்றுநோய் வரும் பெண்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்குத்தான் இப்படிப் பரம்பரை மரபணுக் கோளாறு காரணம். மற்றவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல் முதல் ஆளாக வருகிறவர்கள். அதனால் அத்தைக்கு வந்ததாலேயே உங்கள் குடும்பத்தில் மரபணுக் கோளாறு இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 38 வயது என்பது இளம் வயது. பாட்டியின் வயிற்றுக் கட்டி சினைப்பைப் புற்றுநோயாக இருந்திருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும், ஏனென்றால் இந்த மரபணுக்களில் கோளாறு இருந்தால் மார்பு, சினைப்பை இரண்டிலுமே புற்றுநோய் வரும் ஆபத்து கூடும். நீர் கோத்து இறந்தார் என்பதற்கு ஈரல், காசநோய் என்று வேறு காரணங்களும் உண்டு. அப்பாவிடமும் பெரியப்பா, சித்தப்பாக்கள் இருந்தால் அவர்களிடமும் கேட்டு, எந்த ஆஸ்பத்திரி, எந்த வயது, ஆபரேஷன் நடந்ததா என்று தெரிந்த வரைக்கும் ஒரு தாளில் குடும்ப மரமாக வரைந்து வையுங்கள். அப்பாவோடு பிறந்த ஆண்களில் யாருக்காவது புராஸ்டேட் அல்லது கணையப் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.

ஜீன் டெஸ்ட் உங்களுக்குத்தான் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள். முதலில் எடுக்க வேண்டியவர் அத்தை. நோய் வந்தவருக்கு எடுத்தால்தான் என்ன கோளாறு என்று பிடிபடும். அது தெரிந்த பிறகு உங்களுக்கு அந்த ஒன்றை மட்டும் தேடிப் பார்க்கலாம். இல்லை என்று வந்தால் உண்மையாகவே இல்லை. அந்தக் கோளாறால் வரும் கூடுதல் ஆபத்து உங்களுக்குக் கிடையாது என்று ஆகிவிடும். அத்தையை விட்டுவிட்டு நேராக உங்களுக்கு எடுத்து “இல்லை” என்று வந்தால் அதை வைத்து நிம்மதியாகவும் இருக்க முடியாது. குடும்பத்தில் இருப்பது அந்த டெஸ்டில் சிக்காத வேறொன்றாக இருக்கலாம். போதாக்குறைக்கு, பொருள் இன்னதென்று இன்னும் தீர்மானிக்கப்படாத மாற்றம் என்று ஒரு வகை ரிப்போர்ட் வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு தூக்கம் தொலைக்கிறவர்கள் நிறைய. அதனால் இந்த டெஸ்டை ஆய்வுக்கூடத்தில் நீங்களாகப் பணம் கட்டி எடுக்காதீர்கள். மரபணு ஆலோசனை தரும் இடத்துக்குப் போங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டில் பரம்பரைப் புற்றுநோய்க்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி.யிலும் மரபணு மருத்துவப் பிரிவு உண்டு.

அத்தையிடம் இதை எப்படிப் பேசுவது என்பதுதான் உங்களுக்கு உறுத்தல். சம்பந்தம் பேசும் நேரத்தில் “உங்களுக்கு ஜீன் டெஸ்ட் எடுக்கணும்” என்றால் பெண் வீட்டார் குறை தேடுகிறார்கள் என்று ஆகிவிடும். நியாயமான தயக்கம். ஆனால் இந்த டெஸ்ட் எல்லோரையும்விட அத்தைக்கே அதிகம் தேவை. கோளாறு இருந்தால் அவருடைய இன்னொரு மார்பிலும் சினைப்பையிலும் புற்றுநோய் வரும் ஆபத்து அவருக்கு இன்றும் இருக்கிறது. சினைப்பைப் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க நம்பகமான பரிசோதனை கிடையாது. அதனால்தான் இந்தக் கோளாறு உள்ள பெண்களுக்குக் குழந்தைப்பேறு முடிந்ததும் 35 முதல் 45 வயதுக்குள் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்கிறோம். அத்தைக்கு 52 ஆகிவிட்டது. “அத்தை, எனக்குக் கட்டி வந்ததைப் பற்றி டாக்டரிடம் கேட்டப்போ, உங்களுக்கும் ஒரு செக்கப் பார்த்துக்கிடச் சொன்னாங்க” என்று நீங்கள் சொன்னால் அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை, நானே சொல்கிறேன். பழைய ஃபைலை எடுத்து வரச் சொல்லுங்கள். அதில் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்2 என்று, புற்றுநோய் எந்த வகை என்று காட்டும் மூன்று சோதனைகளின் முடிவு இருக்கும். மூன்றும் நெகட்டிவ் என்றால் ட்ரிப்பிள் நெகட்டிவ் என்பார்கள். அந்த வகை என்றால் அது ஒன்றே அவருக்கு டெஸ்ட் எடுக்கப் போதுமான காரணம்.

தங்கையின் கல்யாணம் பற்றி நீங்கள் கேட்டது ஊர் என்ன பேசும் என்ற பயத்தில். அதைவிட முக்கியமான ஒன்று அதில் இருக்கிறது. மாப்பிள்ளை அத்தையின் மகன். அத்தைக்குக் கோளாறு உறுதியானால் மாப்பிள்ளைக்கு அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. உங்கள் அப்பாவுக்கும் இரண்டில் ஒன்று. உங்களுக்கும் தங்கைக்கும் நான்கில் ஒன்று. மாப்பிள்ளை, பெண் இருவருக்குமே இருக்க எட்டில் ஒன்று. அப்படி இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு இரண்டு பக்கமிருந்தும் பழுதான பிரதி சேர நான்கில் ஒரு வாய்ப்பு. பி.ஆர்.சி.ஏ.2 இரண்டு பிரதியும் பழுதாகப் பிறக்கும் குழந்தைக்கு ஃபான்கோனி அனீமியா என்ற கடுமையான ரத்த நோய் வரும். சொந்தத்தில் பெண் எடுப்பதில் இந்த மாதிரிக் கணக்கு எப்போதும் ஒளிந்திருக்கும். பெரும்பாலும் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

இதற்காகச் சம்பந்தத்தை முறிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எட்டில் ஏழு வாய்ப்பு அவர்கள் பக்கம். அதுகூட, அத்தைக்குக் கோளாறு இருந்தால்தான் இந்தக் கணக்கே. வரிசையாகப் போங்கள். அத்தைக்கு இல்லை என்று வந்தால் மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை மரபணு ஆலோசகர் குடும்ப மரத்தைப் பார்த்துச் சொல்வார்; பெரும்பாலும் கல்யாணப் பேச்சில் இதற்கு வேலை இருக்காது. அத்தைக்கு இருந்தால் அடுத்து உங்கள் அப்பாவின் ரத்தம். அப்பாவுக்கு அந்தக் கோளாறு இல்லை என்றால் உங்களுக்கும் தங்கைக்கும் அது வந்திருக்க வழியே இல்லை. ஒரே டெஸ்டில் இரண்டு பெண்களும் தப்பித்தீர்கள். அப்பாவுக்கும் இருந்தால்தான் தங்கையும் மாப்பிள்ளையும் ஆலோசனைக்குப் போக வேண்டும். அவர்கள் வயது வந்தவர்கள், முடிவு அவர்களுடையது. தேதி குறிப்பதை இரண்டு மூன்று மாதம் தள்ளச் சொல்ல ஏதாவது காரணம் உங்கள் வீட்டில் கிடைக்காமலா போகும்? ஆடி வருகிறது, தை வருகிறது.

அந்த ஹாலிவுட் நடிகை ஏஞ்சலினா ஜோலி. 2013-ல் இரண்டு மார்பகங்களையும் எடுத்துக்கொண்டதாக அவரே அறிவித்தார். அவருடைய அம்மா சினைப்பைப் புற்றுநோயில் இறந்தவர், ஜோலிக்கு பி.ஆர்.சி.ஏ.1 கோளாறு டெஸ்டில் உறுதியாகியிருந்தது. அந்தக் கோளாறு உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 70 சதவீதம் வரை போகும் என்பது பெரும்பாலும் மேலைநாட்டுக் குடும்பங்களைப் பின்தொடர்ந்து போட்ட கணக்கு. அவ்வளவு ஆபத்து இருக்கிறவருக்கே அந்த ஆபரேஷன் பல வழிகளில் ஒன்றுதான். 25 வயதிலிருந்து வருடம் ஒரு எம்.ஆர்.ஐ., 30-லிருந்து மாமோகிராமும் சேர்த்து எடுத்துக் கண்காணித்துக்கொண்டே வாழ்கிறவர்களும் உண்டு. உங்களுக்கு மரபணு ரிப்போர்ட்டும் இல்லை, பயாப்சி ரிப்போர்ட்டும் இல்லை. இப்போது இந்தப் பேச்சை எடுத்துக்கொண்டு எந்த டாக்டரிடமும் போகாதீர்கள். காசுக்குச் சரி என்று சொல்கிற ஆள் எங்காவது அகப்பட்டுவிடுவார்.

மரபணுக் கோளாறு இல்லை என்று ஆனாலும் நாற்பதை எட்டியதும் மாமோகிராம் தொடங்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உடற்பயிற்சி, எடை இதெல்லாம் உங்களுக்கே தெரியும், நான் நீட்டவில்லை.

கணவரிடம் சொல்லிவிடுங்கள். பயாப்சிக்கான ஒப்புதலில் நீங்களே கையெழுத்துப் போடலாம், அவர் கையெழுத்து தேவையில்லை, அதற்காகச் சொல்லவில்லை. ஊசி போட்ட கையோடு மூன்று வயதுப் பையனை இடது பக்கம் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏற முடியாது. ரிப்போர்ட் வர ஒரு வாரம் போல ஆகும். அந்த ஒரு வாரத்தை ‘சின்ன வீக்கம்’ என்று சொல்லி நீங்கள் ஒருவராகவே சுமப்பது கஷ்டம். முன்பக்கம் திறக்கும் ரவிக்கை போட்டுக்கொண்டு, பழைய ஸ்கேன் படத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். ரிப்போர்ட் வாங்கும் அன்று கவுன்ட்டரில் தாளை வாங்கி, பஸ்ஸில் உட்கார்ந்து கூகுளில் தேடிக்கொண்டு வராமல், டாக்டரைப் பார்த்துவிட்டே வீட்டுக்கு வாருங்கள்.